பேருந்து நிலையத்தில் திறக்கும் பக்கம்: சிக்கனப் பயணிகளுக்கான இணையதளத்தை எப்படி அமைப்பது?

மதுரையில் கல்லூரிப் படிப்பை முடித்த இரண்டு இளைஞர்களும் ஓர் இளம்பெண்ணும் சில மாதங்களுக்கு முன், இணையதளங்களை வடிவமைக்கும் என்னைத் தேடி வந்தார்கள். முதுகில் ஒரு பையும் கையில் கொஞ்சம் பணமுமாக ஊர் சுற்றும் தங்கள் வயதினருக்காகத் தமிழில் ஒரு பயண இணையதளம் தொடங்குவது அவர்களுடைய எண்ணம். கொண்டுவந்திருந்த மாதிரிப் பக்கத்தின் மேல்பாதி முழுவதையும் பனிமூட்டத்தில் நிற்கும் ஒரு மலையின் படம் அடைத்திருந்தது. படத்தின் நடுவில் 'எங்கே போகலாம்?' என்று கேட்கும் தேடல் பெட்டி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கத்தை யார், எங்கே நின்றுகொண்டு திறப்பார் என்று நான் கேட்டபோது, வீட்டில் உட்கார்ந்து பயணத்தைத் திட்டமிடுகிறவர் என்று மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

இன்னொருவரும் அதைத் திறப்பார். கொடைக்கானல் ரோடு என்ற பெயரை நம்பி அந்த ரயில் நிலையத்தில் இறங்கியவர் அவர். நிலையம் அம்மையநாயக்கனூரை ஒட்டிச் சமவெளியில் இருக்கிறது என்பதும், மலைமேல் இருக்கும் ஊருக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போக வேண்டும் என்பதும் இறங்கிய பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. யாரிடமோ கேட்டு, பேருந்து ஏறி, வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்கு வந்து நிற்கிறார். பேட்டரியில் பத்து சதவீதம்தான் மிச்சம்; சிக்னல் வந்து வந்து போகிறது; வெயிலில் திரை மங்கலாகத் தெரிகிறது. அடுத்த பேருந்து எப்போது, மேலே போனால் இந்தப் பணத்துக்குப் படுக்க இடம் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் இறங்கி வரக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்ற மூன்று கேள்விகள் அவருக்கு இருக்கின்றன. மலைப்படம் இறங்கி முடிவதற்குள் அவர் பக்கத்தை மூடிவிட்டுப் பக்கத்தில் இருக்கும் டீக்கடைக்காரரிடம் கேட்டுவிடுவார்.

பணம் உள்ள பயணிக்குத் தகவல் தவறினால் வாடகைக் கார் இருக்கிறது. சிக்கனப் பயணிக்கு அந்த வழி இல்லை. ஆகவே கீழே ஒப்பிட்டிருக்கும் ஒவ்வொரு தேர்வையும் வத்தலக்குண்டில் நிற்கும் அந்த ஆளை வைத்தே எடைபோட்டேன்.

ஊரா, பணமா, வழியா?

தளத்தின் முதுகெலும்பு எது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மற்ற முடிவுகள் பெரும்பாலும் இதைப் பின்தொடர்ந்து வந்துவிடும். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

ஊருக்கு ஒரு பக்கம் என்பது பழக்கமான முறை. எழுதுவது எளிது, கூகுளில் தேடுகிறவர்களும் ஊர்ப் பெயரைத்தான் இடுகிறார்கள். ஆனால் கொடைக்கானலைப் பற்றி, உதகையைப் பற்றி, மாமல்லபுரத்தைப் பற்றி இணையத்தில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. அந்தக் கூட்டத்தில் புதிதாக ஒரு பக்கம் முன்னால் வந்து நிற்பது கடினம். அதைவிடப் பெரிய குறை, ஊர்ப் பக்கம் பயணியை நேராக ஊருக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது என்பதுதான். ஏரி, தூண்பாறை, பிரையண்ட் பூங்கா என்று பார்க்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, 'எப்படிச் செல்வது' என்ற ஒரு பத்தியை அடியில் ஒட்டவைக்கும். நான் படித்த பல பக்கங்களில் அந்தப் பத்தி, அருகிலுள்ள ரயில் நிலையம் கொடைக்கானல் ரோடு என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. நம் பயணியை அங்கே இறக்கிவிட்டது அந்த வரிதான்.

பணத்திலிருந்து தொடங்குவது இரண்டாவது முறை. 'மூவாயிரம் ரூபாயில் மூன்று நாள்' என்ற தலைப்பைப் பார்த்ததும் மூவரின் முகமும் மலர்ந்தது, எனக்கும் அது பிடித்தது. இந்த வயதினர் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பணத்தைத் தேடுவதில்லை. இருக்கும் பணத்துக்கு எந்த ஊர் கட்டுப்படியாகும் என்றுதான் பார்க்கிறார்கள். எனவே அவர்களுடைய மனத்தின் போக்கோடு ஒத்துப்போகும் அமைப்பு இதுதான். சிக்கல் அந்தத் தொகையில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து புறப்படுகிறவருக்கும் வேலூரிலிருந்து புறப்படுகிறவருக்கும் ஒரே ஊர் ஒரே செலவில் முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் மலை ஊர்களின் அறை வாடகை மற்ற மாதங்களைப்போல இருக்காது. பேருந்துக் கட்டணம் மாறும். தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்ட தொகை, எழுதிய சில மாதங்களில் சத்தமில்லாமல் பொய்யாகிவிடும். முப்பதாயிரம் வைத்திருப்பவருக்கு நானூறு ரூபாய் பிசகினால் அது ஒரு வேளைச் சாப்பாட்டோடு போய்விடும். மூவாயிரம் மட்டுமே வைத்திருப்பவருக்கு அது இரவு தங்கும் படுக்கை.

மூன்றாவது முறை வழியை முதுகெலும்பாக்குவது: மதுரையிலிருந்து கொடைக்கானல், மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை, ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி. ஒவ்வொரு வழிக்கும் ஒரு பக்கம். இது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதற்கு இங்கிலாந்தின் மார்க் ஸ்மித் 2001 முதல் நடத்திவரும் 'சீட் 61' தளம் சான்று. ரயிலிலும் கப்பலிலும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எப்படிப் போவது என்பதை ஒரு மனிதர் தம் குரலில் சொல்லும் தளம் அது. பார்வைக்குப் பழைய காலத்துப் பக்கம்போலத்தான் இருக்கும். ஆனாலும் உலகம் முழுவதும் ரயில் பயணிகள் அதைத்தான் திறக்கிறார்கள். தேடி வந்த கேள்விக்கு அங்கே விடை இருப்பதே காரணம்.

வழிப் பக்கங்களின் பாரம் எண்ணிக்கையில் இருக்கிறது. முப்பது ஊர்களை எடுத்துக்கொண்டால் ஊர்ப் பக்கம் முப்பதுதான். ஊருக்கு ஊர் இணைக்கும் சோடிகளோ 435. மூன்று பேரால் அத்தனையையும் எழுதவும் முடியாது, எழுதினால் பராமரிக்கவும் முடியாது. எனவே முதல் ஆண்டில் பன்னிரண்டு வழிகள் போதும் என்று சொன்னேன். மூவருக்கும் ஆளுக்கு நான்கு வரும். அந்த நான்கிலும் அவர்கள் தாங்களே பேருந்தில் போய்வந்திருக்க வேண்டும்.

பணத்தை விட்டுவிடவும் இல்லை. வழிப் பக்கத்துக்குள் அது ஒரு பட்டையாக வரும், ஆனால் ஒற்றைத் தொகையாக வராது. போக்குவரத்து, படுக்கை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் ஆகிய நான்குக்கும் குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டு எண்களும், அவற்றைச் சரிபார்த்த தேதியும் இருக்கும். இவற்றில் அதிகம் அசையாதது நுழைவுக் கட்டணம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் தொல்லியல் துறை இந்தியர்களிடம் வாங்கும் 40 ரூபாய்போல அதை உறுதியாக எழுதலாம். படுக்கையின் விலையை அப்படி உறுதியாக எழுதுவது நேர்மையாகாது.

முதல் திரையில் என்ன இருக்க வேண்டும் என்று தாளில் எழுதிப் பார்த்தோம். மதுரை–கொடைக்கானல் பக்கம் இப்படி முடிந்தது:

ஏறும் இடம்: ஆரப்பாளையம் பேருந்து நிலையம். மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டாம்.
பயண நேரம்: சுமார் 4 மணி நேரம், வத்தலக்குண்டு வழி.
கடைசிப் பேருந்து: மேலே ஏற, கீழே இறங்க — இரண்டும் தனித்தனியே.
இ-பாஸ் (மலைக்கு வாகனத்தில் செல்ல இணையத்தில் பெறும் அனுமதி): அரசுப் பேருந்தில் போகிறவருக்குத் தேவையில்லை.
ரயிலில் வருகிறவர் கவனிக்க: கொடைக்கானல் ரோடு நிலையம் மலையடிவாரச் சமவெளியில் இருக்கிறது.

இரண்டாவது சொற்றொடரை, 'மாட்டுத்தாவணிக்குப் போக வேண்டாம்' என்பதை, எடுத்துவிடலாமா என்று இளைஞர்களில் ஒருவர் கேட்டார். மதுரைக்காரருக்கு அது தெரிந்த செய்திதான். தூத்துக்குடியிலிருந்து வந்து மாட்டுத்தாவணியில் இறங்குகிறவருக்கோ, அடுத்த பேருந்து நகரத்தின் மறுகோடியில் நிற்கிறது என்பது புதுச் செய்தி. அந்த வரி அப்படியே நின்றது. கடைசிப் பேருந்து நேரம் முதல் திரையிலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அந்த இளம்பெண். தனியாகப் போகும் பெண்ணுக்கு ஊரின் அழகைவிட, இருட்டுவதற்கு முன் போய்ச் சேர முடியுமா என்பதே முதல் கேள்வி என்றார். அதுவரை அந்த நேரத்தை நாங்கள் பக்கத்தின் அடியில் வைத்திருந்தோம். இந்த ஒரு திருத்தத்தால் பக்கத்தின் வரிசையே மாறியது. பார்க்க வேண்டியவை கீழே இறங்கின, சேரும் நேரமும் தங்குமிடமும் மேலே ஏறின.

முதல் ஓராண்டுக்குக் கூகுள் வழியாக வருகிறவர்கள் இந்த அமைப்பில் குறைவாகவே இருப்பார்கள் என்பதை அவர்களிடம் மறைக்கவில்லை. அதைத் தாங்கிக்கொள்ள மனமில்லாதவர்கள் ஊர்ப் பக்கத்தைத் தேர்வதே நல்லது.

செயலியா, இணையதளமா, டெலிகிராம் சேனலா?

இளைஞர்களுக்கென்று எதைத் தொடங்கினாலும் செயலி வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. செயலியின் பலம் உண்மையானது: தகவலைப் பேசியிலேயே சேமித்துவைத்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் அது திறக்கும். கூகுள் பிளேயில் பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர். பணத்தைவிட நேரம்தான் அதிகம் பிடிக்கும். தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர் குறைந்தது 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே செயலியைக் கூகுள் பிளேயில் பொதுவில் வெளியிட முடியும். இவை எல்லாம் கடக்கக்கூடிய தடைகள்தான். கடக்க முடியாத தடை பயணியின் பக்கம் இருக்கிறது: ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ஊர் சுற்றுகிறவர், ஏற்கெனவே நிறைந்து வழியும் பேசியில் அதற்கென ஒரு செயலியை நிறுவ மாட்டார், நிறுவினாலும் இடம் போதாதபோது முதலில் நீக்குவது அதைத்தான்.

டெலிகிராம் சேனலோ வாட்ஸ்அப் சேனலோ தொடங்க ஒரு காசும் தேவையில்லை. இளைஞர்கள் இருக்கும் இடமும் அதுதான். மண்சரிவால் மலை ரயில் ரத்து, மழையால் அருவியில் குளிக்கத் தடை போன்ற அன்றன்றைய செய்திகளுக்கு அதைவிட வேகமான கருவி இல்லை. ஆனால் சேனலில் போட்டது மேலே ஓடிவிடும். மூன்று மாதத்துக்கு முன் எழுதிய வழிக்குறிப்பை வத்தலக்குண்டில் நின்றுகொண்டு தேடி எடுப்பது பெரும்பாடு. பழைய செய்தியும் புதிய செய்தியும் ஒரே முகத்தோடு நிற்பதால், எது இன்றைக்குச் செல்லும் என்பதும் தெரியாது.

மிஞ்சுவது இணையதளம். இணைப்பு இல்லாவிட்டால் திறக்காது என்ற அதன் பழைய குறைக்கு இப்போது மாற்று இருக்கிறது. உலாவியில் இயங்கும் சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரல், ஒரு முறை திறந்த பக்கத்தைப் பேசியிலேயே வைத்திருந்து அடுத்த முறை இணைப்பின்றிக் காட்டும். ஐபோனில் மட்டும் ஒரு நிபந்தனை உண்டு: ஏழு நாள் அதன் சஃபாரி உலாவியைப் பயன்படுத்தியும் அந்தத் தளத்தின் பக்கம் போகாமலிருந்தால், சேமித்துவைத்ததை அது அழித்துவிடும், தளத்தை முகப்புத் திரையில் சேர்த்துக்கொண்டவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு படித்த பக்கம் வழியில் திறக்காமல் போகலாம் என்பதால், ஒவ்வொரு வழிப் பக்கத்திலும் 'பயணத்துக்கு முந்தின இரவு இதை ஒரு முறை திறந்துவிடுங்கள்' என்று எழுதச் சொன்னேன். தொழில்நுட்பத்தின் ஓட்டையை ஒரு வாக்கியத்தால் அடைப்பது வடிவமைப்பாளருக்குக் கொஞ்சம் உறுத்தும். பயணிக்கு அது உதவும்.

தளத்தின் எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துகள் அதிக இடம் பிடிப்பவை என்று ஒரு பேச்சு உண்டு. கணக்குப்படி அது உண்மைதான்: எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் 'கொடைக்கானல்' என்ற சொல் 33 பைட், ஆங்கிலத்தில் அதே பெயர் 10 பைட். ஆனாலும் ஆயிரம் சொல் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரை, சுருக்காமல் அனுப்பினாலும், முப்பது கிலோபைட் அளவில் முடிந்துவிடும். நண்பர்கள் வைத்திருந்த மலைப்படம் மட்டும் ஒரு மெகாபைட்டுக்கு மேல் இருந்தது. அந்த ஒரு படத்தின் எடையில் எங்களுடைய பன்னிரண்டு வழிகளையும் இரண்டு முறை அனுப்பிவிடலாம். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்திருக்கும் அளவுகோல். நகரத்து வைஃபையில் அதைத் தொடுவது எளிது. மலையடிவாரத்துச் சிக்னலில் தொட வேண்டுமானால் படத்தை முதல் திரையிலிருந்து இறக்கியாக வேண்டும். இறக்கினோம். மூவரில் ஒருவருக்கு அது வருத்தம்தான். அந்தப் படத்தை எடுத்தவர் அவர்.

தளத்தை நிரல் தெரியாதவரும் கையாளக்கூடிய வேர்ட்பிரஸ்ஸில் அமைப்பதா, ஹ்யூகோ போன்ற கருவியால் முன்கூட்டியே ஆக்கிவைத்த நிலைப்பக்கங்களாக உருவாக்குவதா என்ற கேள்வியில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. பன்னிரண்டு பக்கமும் மூன்று ஆசிரியரும் உள்ள தளத்துக்கு நிலைப்பக்கம் போதும். மூவரில் எவரும் நிரல் பக்கம் போகாதவராக இருந்திருந்தால் வேர்ட்பிரஸ்ஸைச் சொல்லியிருப்பேன்.

வரைபடம்

கூகுள் வரைபடத்தைப் பதித்தால் எல்லோருக்கும் பழக்கமாக இருக்கும், ஆனால் இணைப்பில்லாமல் இயங்காது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் வரைபடமான, 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவு எல்லோருக்கும் பொது. மூலத்தைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் சேவையகங்கள் நன்கொடையில் ஓடுபவை. வரைபடத் துண்டுகளை அவற்றிலிருந்து மொத்தமாக இறக்கி இணைப்பின்றிப் பயன்படுத்த அனுமதி இல்லை. ஆகவே அந்தத் தரவை வைத்து, வழிக்கு ஒன்றாக நாங்களே கோட்டுப்படம் வரைவது என்று முடிவாயிற்று: பேருந்து நிலையம், படுக்கை கிடைக்கும் தெரு, ஏடிஎம், மருந்துக்கடை, பொதுக் கழிப்பறை. ஐந்தே குறிகள், சில கிலோபைட். நுணுக்கமாக வழி பார்க்க வேண்டியவர் தம் பேசியில் இருக்கும் வரைபடத்தைத் திறந்துகொள்ளட்டும்.

தகவலை யார் தருவது, யார் காப்பது?

பயணத் தளங்கள் பெரும்பாலும் படுத்துவிடும் இடம் இது. வாசகர்களே எழுதட்டும் என்று திறந்துவிட்டால் தகவல் வேகமாகக் குவியும். பயணக் கையேட்டு நிறுவனமான லோன்லி பிளானட் 1996-இல் தொடங்கிய 'தார்ன் ட்ரீ' இணைய மன்றத்தில் கால் நூற்றாண்டு காலம் பயணிகள் ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021-இல் அது மூடப்பட்டது. அத்தனை பேரின் உழைப்பும் ஒரு நிறுவனத்தின் முடிவில் தொங்கிக்கொண்டிருந்தது. எவரும் எழுதித் திருத்தக்கூடிய பயணக் கையேட்டுத் தளமான விக்கிவாயேஜில் அந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் அங்கே எழுதியதை எவரும் எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொள்ள உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் எந்தப் பொதுக்களத்துக்கும் காவலாளர் தேவை. விடுதிக்காரரே பயணிபோல எழுதும் பாராட்டை இனங்கண்டு நீக்கும் வேலைக்கு மூன்று பேர் போதாது.

தானாகத் தரவை இழுத்துக் காட்டுவது இன்னொரு வழி. ரயில் முன்பதிவுத் தகவல் ஐஆர்சிடிசியோடு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கே முறையாகக் கிடைக்கும். தொடக்க நிலையில் இருக்கும் குழுவுக்கு அது எட்டாது. உரிய பக்கத்துக்கு இணைப்பைக் கொடுத்துவிட்டு, ஸ்லீப்பர் தட்கல் முந்தின நாள் காலை 11 மணிக்குத் திறக்கும் என்பதுபோன்ற, பணத்தையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும் குறிப்புகளை நம் பக்கத்தில் எழுதுவதே உருப்படியான வேலை.

ஆக, தாங்களே எழுதுவது. அதிலும் பொறி இருக்கிறது. அண்மை ஆண்டுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்ட விரைவுப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனங்களில் செல்ல இ-பாஸ் வந்தது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. 2025-இல் திருச்சிக்குப் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் வந்தது. 2022-இல் அருமையாக எழுதிய ஒரு பயணக் கட்டுரை இன்றைக்குப் பயணியைத் தவறான முனையத்தில் கொண்டுபோய் நிறுத்தும். கோயம்பேட்டுக்கும் கிளாம்பாக்கத்துக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கட்டுரையில் ஒரு சொல்கூடப் பிழையாக எழுதப்படவில்லை. ஊர் மாறியது, பக்கம் மாறவில்லை.

ஆகவே, எழுதுவது ஆசிரியர் மூவர் மட்டும். மாற்றத்தைச் சொல்வது வாசகர்கள் என்று பிரித்தோம். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'மாறிவிட்டது' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் பெயரோ எண்ணோ கேட்காமல் ஒரு குறிப்பு மட்டும் ஆசிரியருக்குப் போகும். கணக்குத் தொடங்கும் வசதியே வேண்டாம் என்றேன். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய விவரத்தைச் சேர்த்துவைக்கப் பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும் என்றும் அது சொல்கிறது. பதினேழு வயதில் முதல் முறை நண்பர்களோடு ஊர் சுற்றப் புறப்படுகிறவர்களும் இந்தத் தளத்துக்கு வருவார்கள். சேர்த்துவைக்காத விவரத்தைப் பாதுகாக்கும் கவலையும் இல்லை. மூன்று மாதமாகச் சரிபார்க்காத பக்கத்தின் தலைப்பு தானாகவே மஞ்சள் நிறத்துக்கு மாறி, கடைசியாகச் சரிபார்த்த நாளைப் பெரிதாகக் காட்டும். பழைய பக்கத்தை ஒளிப்பதைவிட, அது பழையது என்று சொல்லிவிட்டுக் காட்டுவது பயணிக்குப் பயன்படும்.

பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வருமானம் வரும் வழி பக்கத்தின் அமைப்பை மெல்ல மெல்லத் தன் பக்கம் வளைத்துவிடும் என்பதைப் பல வாடிக்கையாளர்களிடம் பார்த்துவிட்டேன்.

விளம்பரம் எளிது. ஆனால் குறைந்த வாசகர்களுக்குக் குறைந்த காசுதான் வரும். கூடவே வரும் நிரல்கள் நாங்கள் அரும்பாடுபட்டுக் குறைத்த எடையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். கட்டணச் சந்தா இந்த வயதினரிடம் எடுபடாது. பயணிகள் ஒருவர் வீட்டில் ஒருவர் இலவசமாகத் தங்க வழிசெய்த கவுச்சர்ஃபிங் 2020 மே மாதத்தில் உறுப்பினர் கட்டணம் விதித்தபோது, பல ஆண்டு கூட இருந்தவர்களே கசந்துபோனார்கள்.

விடுதி முன்பதிவில் கிடைக்கும் கமிஷன்தான் பெரும்பாலான பயணத் தளங்களின் வாழ்வாதாரம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை ஊரில் ஹாஸ்டல் படுக்கை ஒன்றை நான் பேசியில் பதிவுசெய்தேன். பட்டியலில் பார்த்த விலைக்கும் பணம் கட்டும் திரையில் வந்த விலைக்கும் இடையில் 'வசதிக் கட்டணம்', கேட்காமலே சேர்ந்துகொண்ட காப்பீடு, போர்வைக்குத் தனிக் காசு என்று மூன்று வரிகள் முளைத்திருந்தன. மேலே சிவப்பில் 'இன்னும் ஒரே ஒரு படுக்கை' என்று மின்னிக்கொண்டிருந்தது. கட்டிவிட்டுப் போய்ப் பார்த்தால் எட்டுப் படுக்கை அறையில் நான் மட்டும் இருந்தேன். எனக்கு அது எரிச்சலோடு முடிந்தது. சில்லறையை எண்ணிக்கொண்டு வந்த மாணவருக்கு அப்படி முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இத்தகைய 13 ஏமாற்று உத்திகளைப் பெயர்சொல்லித் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவதும், கேட்காததைக் கூடையில் போடுவதும், விலையைத் துளித்துளியாக வெளிவிடுவதும் அவற்றில் அடங்கும்.

கமிஷனை முழுவதும் ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை; சேவையகத்துக்கும் பயணச் செலவுக்கும் பணம் வந்தாக வேண்டும். ஆனால் கமிஷன் தருகிற ஹாஸ்டல் முதலிலும், தராத ரயில் நிலைய ஓய்வறை, கோயில் விடுதி, பக்கத்துத் தெரு லாட்ஜ் கடைசியிலும் வரும் பட்டியல், சிக்கனப் பயணிக்கென்று நடத்தும் தளத்தில் இருக்கக் கூடாது. எனவே இப்படி முடிவு செய்தோம்: படுக்கைகள் எப்போதும் விலை வரிசையில் மட்டுமே நிற்கும், அந்த வரிசையை மாற்றும் வசதியை ஆசிரியர்களுக்கும் கொடுக்காமல் நிரலிலேயே பூட்டிவிடுவது, கமிஷன் வரும் இணைப்பின் பக்கத்தில் 'இதில் பதிவுசெய்தால் எங்களுக்குப் பங்கு உண்டு' என்று முழு வாக்கியமாக எழுதுவது. அதோடு யுபிஐ வழியே விரும்பியதைக் கொடுக்க ஒரு சிறு குறி, பயணம் முடித்தவர் படிக்கும் பக்கத்தின் அடியில் மட்டும். இந்த ஏற்பாட்டில் வருமானம் குறைவாகத்தான் வரும். மூவரும் வேறு வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கக் கூடாது என்றும் சொன்னேன்.

தமிழில் என்பதால் வரும் வேலை

தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தா, தமிழ் மட்டுமா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆங்கிலத்தில் சிக்கனப் பயணிகளுக்கு எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆங்கிலப் பக்கத்தில் தட்டுத்தடுமாறிப் படித்து ஏமாறுகிறவருக்குத் தமிழில் எழுத ஆள் வேண்டும். ஆனால் பேருந்து நிலையப் பலகையிலும் பயணச்சீட்டிலும் இருக்கும் வடிவத்தையும் காட்ட வேண்டும். நம் ஊரில் வத்தலக்குண்டு, ஆங்கில வரைபடத்தில் பட்லகுண்டு. உதகமண்டலம், உதகை, ஊட்டி மூன்றும் ஒரே ஊர்; ரயில் முன்பதிவில் தேட வேண்டிய பெயர் உதகமண்டலம். தேடல் பெட்டியில் திருச்சி என்று இட்டாலும் திருச்சிராப்பள்ளி என்று இட்டாலும், கொடைக்கானலில் ஒரு 'க்' குறைந்தாலும் அதே பக்கம் வர வேண்டும். பன்னிரண்டு வழிகளுக்கும் இப்படி மாற்றுப் பெயர்ப் பட்டியல் தயாரிக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அந்த ஒரு மாலை வேலையைப் பெரிய தளங்கள் இன்னும் செய்யவில்லை.

எழுத்துருவைத் தனியாக இறக்காமல் பேசியிலேயே இருக்கும் தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தச் சொன்னேன். கொம்பும் விசிறியும் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம். வெயிலில் அது தெரியாது.

கடைசியாக முடிவானது அச்சு வடிவம். ஒவ்வொரு வழிப் பக்கத்தையும் அச்சிட்டால் அரை ஏ4 தாளில் அடங்கும்படி அமைத்திருக்கிறோம்: ஒரு பக்கத்தில் முதல் திரையின் வரிகளும் கோட்டுப்படமும், மறுபக்கத்தில் செலவுப் பட்டை, விடுதிகளின் தொலைபேசி எண்கள், அவசர உதவிக்கான 112, பெண்களுக்கான 181, ரயிலுக்கான 139. மூவரும் அடுத்த வாரம் ஜெராக்ஸ் எடுத்த அந்த அரைத்தாளை மட்டும் வைத்துக்கொண்டு, பேசியை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, ஆரப்பாளையத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போய்த் திரும்பப் போகிறார்கள். வழியில் யாரிடமாவது கேட்க நேர்ந்த கேள்விகளை எல்லாம் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் முதல் திரையைத் திருத்துவோம்.